ஊசி போடாத டாக்டரம்மா

போன மாதம் என் கடைசி மகளுக்குத் தட்டம்மை வந்து, இறங்குகிற நேரத்தில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. தருமபுரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகிறாள், அண்ணனோடு சண்டை போடுகிறாள், சோறு பிடிக்கவில்லை என்கிறாள். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. அவள் ஒரு முறை இருமினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். அவள் தூங்கும்போது போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் நல்லவர்தான். வந்தார், பார்த்தார், ஊசி எழுதினார், அடுத்த கட்டிலுக்குப் போனார். அவரிடம் கேட்க எனக்குக் கேள்விகள் இருந்தன. இந்த ஊசி எதற்கு, இது அம்மைக்கா சளிக்கா, மூத்தவனை அவள் பக்கத்தில் படுக்க விடலாமா, குளிப்பாட்டலாமா? எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர வாய் வரவில்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த டாக்டரம்மாவின் நினைப்பு வந்தது. கேள்வி என்று ஒன்று கேட்டுவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் அதியமான்கோட்டையில் வாடகைக்கு இருந்தோம். எனக்குத் தருமபுரியில் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சேலம் ரோட்டின் மேலேயே, பஞ்சர் கடைக்கு அடுத்த ஓட்டு வீட்டில் டாக்டரம்மா வைத்தியம் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். முறையாகப் படித்த எல்.எம்.பி. டாக்டர். ஓசூர்ப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார் என்றாலும் கோபமோ சிரிப்போ வந்தால் கன்னடம் எட்டிப் பார்க்கும். ‘வேண்டாம்’ என்பதை மட்டும் அவர் ஒருபோதும் தமிழில் சொன்னதில்லை. “பேடா” என்பார். ஊரில் பாதிப் பேருக்குக் கன்னடமோ தெலுங்கோ தெரியும் என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அவரிடமிருந்து அந்த ஊர் அதிகம் கேட்ட சொல்லும் அதுதான்.

சளி, காய்ச்சல், இருமல் என்று போனால் நம் ஊரில் ஊசி போட்டாக வேண்டும். ஊசி போடாத வைத்தியம் உப்பில்லாத குழம்பு மாதிரி. பஸ் நிறுத்தத்தில் ஊசி போட இன்னொருவர் இருந்தார். என்ன படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. அலுமினியச் சட்டியில் ஊசிகள் கொதித்துக்கொண்டே இருக்கும். அவர் போடுகிற ஊசி மருந்து நல்ல சிவப்பு. அந்தச் சிவப்பைக் கண்ணால் பார்த்தாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும் என்று சனங்கள் சொல்வார்கள். அவர் வாசலில் எப்போதும் கூட்டம். டாக்டரம்மா வீட்டில் பெஞ்சு காலியாக இருக்கும்.

ஒரு நாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு தக்காளி வியாபாரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தைத் தன் அக்குளில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டுதான் யார் மேலும் வைப்பார். அப்படி வைத்து முன்னும் பின்னும் கேட்டார். தொண்டையைப் பார்த்தார்.

“சளி. தானா போயிரும். சுடுதண்ணி நெறைய குடிங்க, படுத்துக்கோங்க. போங்க.”

“ஊசிங்கம்மா?”

“பேடா.”

“என்னங்கம்மா இப்படிச் சொல்றீங்க? சந்தைய வுட்டுட்டு வந்திருக்கறேன். ஒண்ணே ஒண்ணு போட்டு வுடுங்க. ரெண்டு கையிலயும் போட்டாலும் சரி.”

“எதுக்குப் போடணும்?”

“சளிக்குத்தான்.”

“சளிக்கு ஊசி இல்லைங்க. எங்கிட்ட இல்லைன்னு சொல்லல. உலகத்துலயே இல்ல.”

வியாபாரி என்னைப் பார்த்தார். “பாத்தீங்களா சார், உலகத்துலயே இல்லையாமா. பஸ் ஸ்டாப்புல இருக்குது!” என்று சொல்லிவிட்டு எழுந்து அங்கேயே போனார். டாக்டரம்மா பின்னாலிருந்து சத்தமாகச் சிரித்தார். “போட்டுக்கிட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க. ஊசிதான் கேட்டுச்சுன்னு எங்கிட்டயே சொல்லுவீங்க!” அடுத்த வாரம் அவர் அப்படியே வந்து சொன்னதாகக் கேள்வி.

இதில் விசேஷம் என்னவென்றால், சீக்காளி காலில் விழுந்து கேட்டாலும் ஊசி போடாத அதே டாக்டரம்மா, நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஊசி போடுவார். முத்தடுப்பு ஊசி அப்போது எங்கள் பக்கம் புதிது. தருமபுரி ஐஸ் கம்பெனியிலிருந்து ஐஸ் வாங்கி, அகல வாய் பிளாஸ்க்கில் மருந்துக் குப்பிகளைப் புதைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். பஞ்சர் ஒட்ட நின்ற ஒரு லாரி கிளீனர் பிளாஸ்க்கைப் பார்த்து, “அம்மா, எனக்கும் ஒரு டீ ஊத்துங்க” என்று கேட்டானாம். “சட்டையக் கழட்டு, ஊத்தறேன்” என்றாராம் இவர்.

பிளாஸ்க்கோடு அவர் தெருவில் இறங்கினால் பெண்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவார்கள். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வரவழைக்கிறாள், காய்ச்சலோடு போனால் ஊசி போட மாட்டேன் என்கிறாள், இது என்ன வைத்தியம் என்பது ஊரின் கேள்வி. யோசித்தால் நியாயமான கேள்விதான். அவரே அதை நியாயமான கேள்வி என்றுதான் சொல்வார். ஒளிந்துகொண்ட பெண்ணின் வீட்டு வாசலில் அம்மிக்கல்லோ நெல் மூட்டையோ எது கிடைத்ததோ அதில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

“வெளிய வா தாயி. போட மாட்டேன். நீ கேக்கறதக் கேளு, நான் சொல்றதச் சொல்லறேன். அப்பறம் உன் இஷ்டம்.”

கதவு இடுக்கிலிருந்து கேள்விகள் வரும். காய்ச்சல் வருமா? வரும். கை வீங்குமா? வீங்கும். மழையில் நனைந்தால் சளி பிடிக்குமா? சளி பிடித்தவர் முகத்துக்கு நேரே இருமினால் பிடிக்கும். வாழைப்பழம் கொடுக்கலாமா? கொடுக்கலாம். மூக்கடைத்த பச்சைப் பிள்ளைக்குக் கற்பூரத் தைலம் தடவலாமா? கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. தட்டம்மைக்கு இதே மாதிரி ஊசி உண்டா? இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். “வெளிநாட்டுல வந்திருக்குதுன்னு படிச்சேன். நமக்கு இன்னும் வரல. வந்தா மொத பிளாஸ்க் நாந்தான் தூக்கிக்கிட்டு வருவேன்.”

அவர் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். ‘ஒன்றும் ஆகாது’ என்று எல்லா டாக்டர்களும் சொல்கிற வார்த்தை அவர் வாயில் வராது. கொஞ்சம் கர்வமும் உண்டு. பஸ் நிறுத்தத்துக்காரரைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தான் சொன்னதைக் கேட்காமல் வந்தவர்களைக் கேலி பேசிப் புண்படுத்தியும் இருக்கிறார். அவரைப் புனிதவதியாக எழுத எனக்கு ஆசை இல்லை, ஏனென்றால் செங்கல் சூளைக்காரர் விஷயம் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சூளை வைத்திருந்த பெரியவர் அவர். காய்ச்சலும் இருமலுமாகப் போனபோது டாக்டரம்மா பார்த்துவிட்டு, சளிதான், மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள் என்று அனுப்பினார். மூச்சு வாங்கியது. ஆனால் வீட்டார் வரவில்லை. அந்தம்மா எப்படியும் ஊசி போடாது, போய் என்ன பிரயோசனம் என்று இருந்துவிட்டார்கள். பெரியவர் போய்விட்டார். பிணத்தை எடுத்த பிறகு ஒரு நாள் காலையில் அவர் மனைவி நடு ரோட்டில் நின்று டாக்டரம்மாவை வைத கூச்சல் எனக்கு இன்றும் கேட்கிறது.

“ஒரு ஊசி! ஒரே ஒரு ஊசி போட்டிருந்தா எம் மனுசன் இருந்திருப்பான். உங்கிட்ட என்ன மருந்தா வத்திப் போச்சு? படிச்சவளாம் படிச்சவ!”

டாக்டரம்மா வாசலுக்கு வந்து நின்றார். லாரிகள் ஒதுங்கிப் போயின. அந்த அம்மாள் களைத்து உட்காரும் வரை நின்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் நான் போனபோது அவராகவே சொன்னார்: “போட்டிருந்தாலும் பொழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா வாங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன் பாருங்க, அது தப்பு. நான் போயிருக்கணும்.”

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யாரை ஊசி இல்லாமல் திருப்பி அனுப்பினாரோ, அவர் வீட்டுக்கு மூன்றாம் நாள் தானே நடந்து போவார். ஆம்பளைக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வெயிலில், காட்டுக் கொட்டாய் வரைக்கும். போய் மருந்து எதுவும் கொடுக்க மாட்டார். நோயாளியைத் தொடக்கூட மாட்டார். எதிரே உட்கார்ந்து மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். திருப்தியானால் எழுந்து போவார். முதலில் ஊர் சிரித்தது. “சும்மா பாத்துட்டுப் போறதுக்கு எதுக்கு டாக்டரு, எங்க எருமகூடப் பாக்குது” என்று ஒருவர் அவர் முகத்துக்கு நேரேயே கேட்டார். டாக்டரம்மா சொன்ன பதில்: “மருந்து குடுத்திருந்தா மருந்து பாத்துக்கும். குடுக்கலையே. அப்ப நான்தான பாக்கணும்?”

என் மூத்த மகன் சேகர் அப்போது கைக்குழந்தை. இன்னும் தவழவில்லை. மழை பிடித்த ஒரு மாதத்தில் அவனுக்கு மூக்கு ஒழுகியது, பிறகு இருமல். டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்டெதாஸ்கோப்பைச் சூடு பண்ணி வைத்துக் கேட்டார்.

“சளி. மூக்குல ரெண்டு சொட்டு உப்புத் தண்ணி விட்டுட்டுப் பால் குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. பால் குடிக்கிறானா, ஒண்ணுக்குப் போறானா, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழ குழி விழுதா, இத மட்டும் பாருங்க.”

என் மனைவி மரகதம் நகரவில்லை. “ஊசி போடுங்கம்மா.”

“பேடா தாயி. இந்தச் சளிக்கு ஊசி இல்ல.”

அன்று நானும் கெஞ்சினேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், சர்க்கார் வேலையில் இருப்பவன், செய்தித்தாள் படிக்கிறவன். “தண்ணி ஊசியாவது போடுங்கம்மா, எங்க மனசுக்காக” என்றேன்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். “தண்ணி ஊசி போட்டா ராத்திரி நீங்க ரெண்டு பேரும் தூங்குவீங்க. இவனுக்கு வலிக்கும். உங்க பயத்துக்கு இவன எதுக்குக் குத்தணும்?”

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. வீட்டில் மரகதத்தின் அண்ணன் பழனி அந்தக் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றினார். “மாப்ள, படிச்ச புத்தி இதுதானா? புள்ள இழுத்துக்கிட்டுக் கெடக்குது, அந்தக் கன்னடத்தம்மா பேச்சக் கேட்டுக்கிட்டு உப்புத் தண்ணி வுட்டுட்டு உக்காந்திருக்கறீங்க. வுடுங்க, நான் பஸ் ஸ்டாப்புக்குத் தூக்கிட்டுப் போறேன்.”

மறுநாள் பிள்ளை பரவாயில்லை போல இருந்தான். அதற்கு அடுத்த நாள் காலையில் பால் குடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு அழுதான். அழுகை பூனைக் குட்டி கத்துகிற மாதிரி இருந்தது. மரகதம் துணியில் சுற்றினாள். பழனி செருப்பைப் போட்டுக்கொண்டார். நானும் சட்டையை மாட்டிக்கொண்டேன். சிவப்பு ஊசிதான் என்று மூவரும் பேசாமலே முடிவு செய்துவிட்டோம். கதவைத் திறந்தால் டாக்டரம்மா குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறார். அன்று மூன்றாம் நாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் துணியை விலக்கினார். பிள்ளையின் வயிற்றையே பார்த்தார். விலா எலும்புக்குக் கீழே, மூச்சுக்கு மூச்சு, சின்னக் குழி விழுந்துகொண்டிருந்தது. நான் அதை அப்போதுதான் கண்டேன். மூக்கு ஓரம் விரிந்து விரிந்து மூடியது.

“சேலம் போவணும்” என்றார். “இப்பவே. இவனுக்கு ஊசி இல்ல, பிராணவாயு வேணும். அது பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்குது. நானும் வர்றேன்.”

பஸ்ஸுக்கு நிற்க நேரமில்லை. பஞ்சர் கடையில் சக்கரம் மாட்டி முடிந்த ஒரு புளி லாரியில் ஏறினோம். டிரைவருக்குப் பக்கத்தில் டாக்டரம்மா பிள்ளையைப் படுக்க வைக்காமல் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். மரகதம் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். நானும் பழனியும் பின்னால் மூட்டைகள் மேல். தொப்பூர்க் கணவாயில் இறங்கத் தொடங்கியதும் வண்டி நின்றுவிட்டது. கீழே வளைவில் ஒரு லாரி குப்புறக் கிடந்தது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள்.

நாங்கள் குதித்து இறங்குவதற்குள் டாக்டரம்மா பிள்ளையோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவில், இறக்கத்தில், வேகவேகமாக. நடக்க நடக்கக் குனிந்து அவன் உதடு நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டார். கவிழ்ந்த லாரியைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் மேலே ஏற முடியாமல் நின்ற வண்டிகளில் ஒரு கார், பூமாலை சுற்றியது. ஜன்னலைத் தட்டினார்.

“வண்டியத் திருப்புங்க. சேலம் ஆஸ்பத்திரி.”

“அம்மா, கல்யாணத்துக்குப் போறோம்மா. முகூர்த்தத்துக்கே நேரமாயிருச்சு” என்றார் உள்ளே இருந்த பெரியவர்.

“எப்படியும் இந்த லாரி எந்திரிக்காம நீங்க போவப் போறதில்ல. உங்க முகூர்த்தம் இங்க நிக்குது, இந்தப் புள்ள நிக்க முடியாது. எறங்குங்க.”

பெரியவர் பிள்ளையைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார். பட்டுச் சேலைப் பெண்கள் வரிசையாக இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். அவர்களுக்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

சேலத்தில் இளம் டாக்டர் ஒருவர், “இதுவரைக்கும் என்ன மருந்து குடுத்தீங்க?” என்று கேட்டார்.

“ஒண்ணும் குடுக்கல” என்றார் டாக்டரம்மா.

அந்த டாக்டர் புருவத்தை உயர்த்தினார். பழனி பல்லைக் கடித்தார். டாக்டரம்மா இருவரையும் கவனிக்காமல், எப்போது சளி தொடங்கியது, எப்போது பால் குறைந்தது, எந்த நேரத்தில் குழி விழுந்தது என்று மரகதத்திடம் வழியில் கேட்டு வைத்திருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். பிள்ளையை உள்ளே கொண்டுபோய்ப் பிராணவாயு வைத்தார்கள். நான் நடைக்கூடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பொழைச்சுக்குவானாம்மா?”

“தெரியலைங்க” என்றார். “நேத்தே வந்து பாத்திருக்கணும். பச்சப்புள்ளைக்கு மூணாம் நாள்னு கணக்கு வெச்சது தப்பு. ஆனா இடத்துக்கு வந்துட்டோம்” என்றார்.

அந்தப் பதில் எனக்கு அன்று கொடுமையாக இருந்தது. அவர் மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று இன்றுகூடச் சொல்ல முடியாது. அவர் நேற்றே வந்திருந்தால்? நாங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தால்? இந்த இரண்டு கேள்விகளும் என்னிடம் இன்னும் இருக்கின்றன. இவற்றையும் அவரிடமே கேட்டிருக்கலாம், பதில் சொல்லியிருப்பார். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் வைத்தியம் நடக்காமல், வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூர்ப் பக்கமே போய்விட்டார். அந்த ஓட்டு வீட்டில் இப்போது டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

சேகர் பிழைத்தான். சில நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆனால் நாங்கள் தேறவில்லை. வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மரகதம் அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டே படுத்திருந்தாள். அவன் முனகினால் தூக்கினாள், சிணுங்கினால் தூக்கினாள். அழுதால் மூச்சு திணறிவிடும் என்று அவனை அழவே விடவில்லை. அவனும் எதையும் கேட்கும் முன்பே கிடைத்ததால் அழுவதை மறந்தவன் போல இருந்தான்.

கன்னம் உப்பி, அவன் தவழத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் டாக்டரம்மா பிளாஸ்க்கோடு வந்தார்.

மரகதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று ஊசி போடச் சொல்லி நகராமல் நின்றவள் அவள்தான். “இப்பத்தான் பொழைச்சு வந்திருக்கான். நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கு ஊசி?” என்று உள்ளேயிருந்து கத்தினாள். நானும், “அடுத்த மாசம் பாக்கலாமேம்மா” என்று இழுத்தேன்.

அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். “கேளு தாயி.”

“இது போட்டா மறுபடி அப்படி வராதா?”

“வரலாம். அந்தச் சளிக்கு இது இல்ல. இது கக்குவான் இருமலுக்கும் தொண்டை அடைப்பானுக்கும்.”

“சளிக்கு இல்லாத ஊசி எதுக்கு?”

“அந்தச் சளி வந்தா, ஓடறதுக்குச் சேலம் இருக்குது. தொண்டை அடைப்பான் வந்தா சேலம் போய்ச் சேர நேரம் இருக்காது. நான் பாத்திருக்கறேன்.”

“காய்ச்சல் வருமா?”

“வரும்.”

“அழுவானா?”

“நல்லா அழுவான்.”

 ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. டாக்டரம்மா அவசரப்படவில்லை. ஐஸ் உருகுகிறது என்று மட்டும் என்னிடம் மெல்லச் சொன்னார். பிறகு தாழ்ப்பாள் விலகியது. மரகதம் வெளியே வந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அவன் தொடையைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி இறங்கியது. சேகர் ஒரு கணம் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தான். மூச்சை உள்ளே இழுத்தான். பிறகு வீடு அதிர வீறிட்டான். பூனைக் குட்டிக் குரல் இல்லை. பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு, முகம் சிவக்க, நெஞ்சு நிறைய மூச்செடுத்து மூச்செடுத்து அழுதான். மரகதம் அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை. டாக்டரம்மா ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். அவன் அழ அழ நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.